லாச்சியை வெட்டாதீர்கள்

பிள்ளையின் கட்டுரைக் கொப்பியில் 'லாச்சி' என்ற சொல்லை ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'இழுப்பறை' என்று திருத்தியிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. மேசையிலும் அலுமாரியிலும் இழுத்துத் திறக்கும் பெட்டிக்கு எங்கள் வீடுகளில் லாச்சி என்றுதானே பெயர்?

தமிழல்ல என்பதுதான் குற்றம் என்றால், உண்மைதான், அது டச்சுச் சொல். ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்து, 1796இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். இடைப்பட்ட 140 ஆண்டுகளில் நம் வாய்க்கு வந்து சேர்ந்த சொற்களில் இதுவும் ஒன்று. டச்சில் இழுப்பறைக்கு 'லாட' என்று பெயர். எதையும் சிறியதாக, செல்லமாகச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் சொல்லின் வாலில் 'ட்யே' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்த 'ட்யே'யைத்தான் நம் காது 'ச்சி' என்று வாங்கிக்கொண்டது. சிங்களத்தில் அதுவே 'லாச்சுவ' ஆனது. மொறட்டுவைத் தளபாடக் கடைக்குப் போகும் தமிழருக்குச் சிங்களம் அரைகுறையாக வந்தாலும் லாச்சி என்றால் கடைக்காரருக்கு விளங்கிவிடும். இரு மொழியாரும் ஒன்றாகப் புழங்கும் சொற்கள் இந்த நகரத்தில் எவ்வளவு அருமையானவை!

அந்தக் கட்டுரையிலேயே மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாம் இருந்தன. நான்கும் போர்த்துக்கேயம். ஒன்றின் மேலும் சிவப்பு மை படவில்லை. போர்த்துக்கேயச் சொல்லுக்கு விடுதலை, டச்சுச் சொல்லுக்கு மட்டும் தண்டனையா? இழுப்பறை நல்ல சொல்தான், எழுதுகிறவர் எழுதட்டும். ஆனால் லாச்சி பிழை என்று ஒரு பிள்ளையின் மனதில் பதிய வைப்பதை நான் ஏற்க மாட்டேன். வீட்டில் அம்மம்மா பேசுவது தவறான தமிழ் என்றல்லவா அது எண்ணிக்கொள்ளும்?

பழைய மரமேசையின் லாச்சியைத் திறந்து பழகியவர்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் மரம் ஊறி அது இறுகிக்கொள்ளும். பாதி வந்து நிற்கும். இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டி இழுக்க வேண்டும். வெளியே எடுத்துக் கவிழ்த்து, அடிவிளிம்பில் மெழுகுதிரித் துண்டைத் தேய்த்துவிட்டால் பிறகு வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே ஊசி நூல், பழைய மின்சார பில்கள், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவிகள். வீட்டில் எது காணாமற்போனாலும் முதலில் வரும் பதில், "லாச்சிக்குள் பார்."

உண்மையில் லாச்சியின் இடத்தை இழுப்பறை பிடிக்கவில்லை, 'டிராயர்' பிடித்துக்கொண்டிருக்கிறது. என் பிள்ளைகளின் வயதினர் அப்படித்தான் சொல்கிறார்கள். கந்தோர் என்ற டச்சுச் சொல் நம் கண்முன்னே முதியவர்களின் பேச்சோடு சுருங்கிவிட்டது. இன்றைய இளைஞர் 'ஒஃபிஸ்' போகிறார்கள். தூய தமிழுக்காக ஒரு சொல்லை வெட்டுகிறோம், அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்காருகிறது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே: இழுப்பறையைப் பக்கத்தில் எழுதிக் கற்றுக்கொடுங்கள், லாச்சியை வெட்டாதீர்கள். இணையத்தில் தமிழ் அகராதி தொகுக்கும் நண்பர்கள் அதற்கு ஓர் உரிய பதிவு போடட்டும். லாச்சி: பெயர்ச்சொல்; இலங்கை வழக்கு; டச்சு மூலம்; மேசை, அலுமாரி முதலியவற்றில் வெளியே இழுத்துத் திறக்கும் பெட்டி.