அறுகம்பேயா, மட்டக்களப்பா?

போன கிழமை கொழும்பில் இருந்து நண்பன் ஒருவன் கோல் எடுத்தான். இனி அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை, எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்களாம். "கிழக்குக்கு வரப்போறன் மச்சான். அறுகம்பேயில ரூம் எடுக்கவா, மட்டக்களப்பிலயா?" இதே கேள்வியை இன்பொக்ஸிலும் இந்த வருசம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாக எழுதிக் களைத்துப் போனேன், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மெல்பேணில் உள்ள ஒரு கணக்காளர் அலுவலகத்துக்கு நாலு வருசமாக மட்டக்களப்பு ரவுனை ஒட்டிய கல்லடியில் இருந்து கணக்கு எழுதுகிறேன். 2025 ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அறுகம்பேயில் இருந்து அதே வேலையைச் செய்து பார்த்தேன். அங்கே ஆட்கள் வருவதே கடலில் அலைச்சறுக்கத்தான். எனக்கோ அந்தச் சேர்ஃப் பலகையில் எழும்பி நிற்க இன்னும் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மெல்பேணில் காலை 9 மணி என்றால் நமக்கு விடிய 4.30. ஒக்டோபரில் அங்கே மணிக்கூட்டை மாற்றியதும் 3.30 ஆகிவிடும். அந்த நேரத்தில் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் லைட் எரிவது என் அறையில் மட்டும்தான். அறுகம்பேயில் அந்தத் தனிமை இல்லை. நான் விறாந்தையில் லெப்டொப்பைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே ஓட்டோக்கள் கூரையில் பலகைகளைக் கட்டிக்கொண்டு தெற்கே பீனட் ஃபார்ம் பக்கமும் வடக்கே விஸ்கி பொயின்ட் பக்கமும் ஓடத் தொடங்கிவிடும். காற்று எழும்ப முன்னர் அலை பிடிக்க வேண்டுமாம். 12.30க்கு நான் வேலையை மூடும்போது அவர்கள் கருகிப்போய்த் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு கோப்பியோடு மூன்று மணித்தியாலம் இருந்தாலும் அங்குள்ள கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. என் பக்கத்து மேசையில் பெர்லினுக்கு வேலை செய்யும் ஒரு பெண், எதிரே சம்மாந்துறைப் பொடியன் ஒருவன் யாரோ அமெரிக்கனுக்கு லோகோ வரைந்துகொண்டிருப்பான். வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் இருந்தால் நம் வேலையும் ஓடுகிறது. அந்த இரண்டு மாதத்தில் நான் முடித்த வேலை கல்லடியில் நாலு மாதத்தில் முடித்ததற்குச் சமம் என்றே சொல்வேன்.

சரி, அப்படியென்றால் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்பீர்கள்.

ஒரு நாள் என் சார்ஜர் புகைந்து செத்துப்போனது. அறுகம்பேக்குப் பக்கத்தில் உள்ள பொத்துவில் ரவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன், என் லெப்டொப்புக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை. பஸ் பிடித்து அக்கரைப்பற்றுக்குப் போனேன். போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம், கடைகள் பூட்டு. நிழல் தேடி நின்று, வாங்கிக்கொண்டு திரும்பியபோது பொழுது பட்டுவிட்டது. மட்டக்களப்பில் என்றால் திருமலை வீதிக்குப் போய்வரக் கால் மணித்தியாலம். ரயிலும் இங்கே மட்டும்தான், தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. பொத்துவிலில் இருப்பவர் கோச்சியில் கொழும்பு போக நினைத்தால் 100 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் நம்மிடம் வர வேண்டும், அல்லது மலை ஏறிப் பதுளைக்குப் போக வேண்டும். வாடகையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சீசனில் அங்கே பத்து நாளைக்குக் கொடுத்த காசு இங்கே எனக்கு ஒரு மாத வாடகை.

எல்லாவற்றையும் விட, அந்த ஊர் வருசத்தில் பாதிதான் ஊர். மே முதல் ஒக்டோபர் வரை ஜே ஜே என்றிருக்கும், மறுகா வாடைக்காற்று தொடங்கினால் ஓய்ந்துவிடும். அந்தக் கூட்டம் அப்படியே தெற்குக் கரையில் வெலிகம, அஹங்கம பக்கம் போய்விடும், அங்கே அப்போதுதான் கடல் அடங்கும். நான் தங்கிய விடுதிக் காக்காவிடம் நவம்பருக்கும் அறை தருவீர்களா என்று கேட்டேன். "தம்பி, நவம்பரில இஞ்ச நாங்களும் நாயும்தான். கரண்ட் போனா வந்து பார்க்கவும் ஆள் இல்ல" என்றார். அந்த ஜூலையில்தான் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இன்டர்நெட் இலங்கைக்கு வந்தது. அதன் அன்டெனாவைக் கூரையில் வைத்தால் மாரியிலும் ஆட்கள் வருவார்களா என்று என்னிடம் கேட்டார். என்ன பதில் சொல்வது? 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போகவேண்டாம் என்று தன் நாட்டவருக்கு ஒரு அறிவித்தல் விட்டதே, அதை அவர் இன்னும் மறக்கவில்லை. வருகிறவரை மட்டும் நம்பியிருக்கும் ஊருக்கு ஒரு கடிதமே போதும்.

மட்டக்களப்பு தனக்காக வாழும் ஊர். யார் வந்தாலும் போனாலும் சந்தை கூடும், காலையில் பிட்டு அவியும், பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்தில் சனம் காற்று வாங்கும். மாரியில் வாவி நிரம்பி முகத்துவாரத்தை வெட்டிவிடும் நாட்களில்கூடக் கடைத்தெரு திறந்துதான் இருக்கும்.

அதற்காக இதைச் சொர்க்கம் என்று நினைத்து வராதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் 11 மணிக்கு மேல் ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கும். என் பைபர் இணைப்பு ஒரு முறை ஆறு நாள் செத்துக் கிடந்தது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் ஒழுங்காகத் தந்தார்கள். பெரிய குறை வேறு. என்னோடு அதே அலுவலகத்துக்கு வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி மூன்று கிழமை இங்கே அனெக்ஸ், அதாவது வீட்டோடு ஒட்டிய தனிப்பகுதி, வாடகைக்குத் தேடினாள். தனியாக இருக்கும் பெண், அதிலும் விடியற்காலையில் லைட் போட்டு ஆங்கிலத்தில் பேசும் பெண் என்றதும் வீட்டுக்காரர்களுக்குத் திடீரென்று சொந்தக்காரர் யாரோ வரப்போகிறார்கள். கடைசியில் அவள் கண்டிக்கே திரும்பிவிட்டாள். அவளைப் போன்றவர்களுக்கு, சீசனில் என்றாலும், அறுகம்பேதான் நல்லது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்தது, சேர்ந்து இருந்து வேலை செய்ய ஒரு மேசை. விடிய 4.30க்குத் திறந்திருக்கும் மேசை ஒன்றை இந்த ரவுனில் நான் இன்னும் காணவில்லை. டிஜிட்டல் நாடோடி விசா என்று வெளிநாட்டுக்காரரை அழைக்கும் அதே அரசாங்கம்தான், 2025 ஏப்ரலில் இருந்து நம் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வேலை செய்து உழைக்கும் டொலருக்கும் 15 வீதம் வரை வரி கேட்கிறது. கேட்கட்டும், நானும் கட்டுகிறேன். அந்தக் காசில் ஒரு மண்டபம், நாலு மேசை, ஒரு ஜெனரேற்றர். இதைக்கூடக் கேட்கக்கூடாதா?

நண்பனுக்குச் சொன்ன பதில்: அனெக்ஸை மட்டக்களப்பில் எடு. ஜூனில் ஒரு பையோடு மூன்று கிழமை அறுகம்பேக்குப் போய்வா, ஒரு சார்ஜரை மேலதிகமாகக் கொண்டு போ.

வரும்போது வீட்டுக்கார மாமிகளுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். "வேலைக்குப் போறல்லியா மகன்?" என்று எங்கள் மாமி ஒரு வருசம் கேட்டார். மெல்பேண், கணக்கு, இன்டர்நெட் எல்லாம் விளங்கப்படுத்தினேன். இப்போது கேட்பதில்லை. போன மாதம் கேற்றடியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "மேல இருக்கிற தம்பி ஒஸ்ரேலியாவில வேலை. லீவில வந்து நிக்கிறார்."