அட்டைப்படத்தை நம்பி காட்டுக்குக் கிளம்பாதீங்க

லீவு நெருங்கினா சென்னையில பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பசங்க டாப்ஸ்லிப் போலாமா, முதுமலை போலாமா, இல்ல பக்கத்துல, ஆந்திராவுல இருக்கற நாகலாபுரமே போதுமான்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்போ வாங்குற பயண வழிகாட்டிப் புத்தகம் பெரும்பாலும் தென்னிந்தியா மொத்தத்தையும் ஒரே அட்டைக்குள்ள அடைச்ச வகை. பளபளன்னு தாள், பக்கத்துக்கு ஒரு அருவி. காட்டுக்கு அது உதவாதுங்கறதுதான் என் கருத்து. ஒரே மலைத்தொடரை, முடிஞ்சா ஒரே சரணாலயத்தைப் பத்தி எழுதின மெலிசான புத்தகம், அஞ்சு வருஷம் பழசா இருந்தாலும், எவ்வளவோ மேல்.

பரம்பிக்குளத்தை எடுத்துக்குங்க. இருக்கறது கேரளாவுல, பாலக்காடு மாவட்டம். ஆனா வண்டி போற ரோடு நம்ம பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத்தான். மாநிலவாரியாப் பிரிச்ச தடிப் புத்தகத்துல பரம்பிக்குளம் ஒரு மூலையில, டாப்ஸ்லிப் இன்னொரு மூலையில கிடக்கும். அதை நம்பினவர் பாலக்காட்டுல இறங்கி, அங்கேர்ந்து பொள்ளாச்சிக்கு பஸ் தேடணும். கடையில நின்னபடியே இந்தப் பக்கத்தைப் புரட்டுங்க. ரோடு விவரம் தெளிவா இருந்தா மட்டும் மத்ததைப் பாருங்க.

அடுத்தது தேதி. "மறுபதிப்பு"ன்னா பழசையே திரும்ப அச்சடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். "திருத்திய பதிப்பு" எந்த வருஷம்னு தேடுங்க. அதையும் மாவட்டப் பேரை வெச்சு சோதிக்கலாம். ஏலகிரி வேலூர் மாவட்டம்னு இருந்தா, 2019 நவம்பர்ல திருப்பத்தூர் மாவட்டம் பிரிஞ்ச பிறகு அந்தப் பக்கத்தை யாரும் தொடலை. ஆந்திராவுல இருக்கற தடா ஊர் நெல்லூர் மாவட்டம்னு இருந்தா 2022 ஏப்ரலுக்கு முந்தின விவரம், இப்போ அது திருப்பதி மாவட்டம். ஆந்திரா பஸ்ஸுக்குக் கோயம்பேடு போகச் சொன்னா, மாதவரம் பஸ் நிலையம் திறந்த 2018க்கு முன்னாடி எழுதினது.

பழசுன்னு தெரிஞ்சதும் ஒதுக்கவும் வேணாம். மலை, ஓடை, பறவை பத்தி எழுதினது சீக்கிரம் கெடாது. கெட்டுப்போறது அனுமதியும் நேரமும். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 20 பேருக்கு மேல இறந்த பிறகு மலையேற்ற விதிகளே மாறிடுச்சு. 2024 அக்டோபர்ல தமிழ்நாட்டுல 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவு வந்தது, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி வருவார். அதே வருஷம் மே மாசத்துலேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். அதனால கட்டணம் என்னன்னு புத்தகத்துல தேடாதீங்க. எந்த வனச்சரகம், எந்த ஊர் அலுவலகம்னு போட்டிருக்கான்னு பாருங்க. அது சரியா இருந்தா மிச்சத்தை போன்ல கேட்டுக்கலாம்.

"ஏற்ற காலம்: அக்டோபர் முதல் மார்ச் வரை"ன்னு எல்லா இடத்துக்கும் ஒரே வரி எழுதின புத்தகம் ஆபத்தானது. வால்பாறைக்குப் பெருமழை தென்மேற்குப் பருவத்துல, ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை. நாகலாபுரம், தடா பக்கமோ வடகிழக்குப் பருவம். அதாவது அந்தப் புத்தகம் போகச் சொல்ற அதே அக்டோபர், நவம்பர்ல ஓடைங்க நிரம்பி ஓடும். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும். மேல மலையில பெஞ்ச தண்ணி சில நிமிஷத்துல பாறை இடுக்கு வழியா இறங்கிடும். தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தா, பையை விட்டுட்டாவது கரையேறணும். இந்த எச்சரிக்கை உள்ள புத்தகம் எழுதினவர் அங்க நடந்திருக்கார்னு நம்பலாம்.

இன்னொரு சோதனை, நடை நேரம். சமதரையில மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலா ஒரு மணி நேரம்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. 10 கிலோமீட்டர் பாதை, 900 மீட்டர் ஏற்றம்னா மூணரை மணி நேரம். நம்ம வெயில், கல்லு, முதுகுல தண்ணி மூட்டை எல்லாம் சேர்த்தா அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். இதுக்கு "இரண்டு மணி நேரத்தில் உச்சியை அடையலாம்"னு எழுதியிருந்தா புத்தகத்தைத் திரும்ப அடுக்குல வெச்சிடுங்க. ஏற்றம் எத்தனை மீட்டர்னே போடாததும் அதே ரகம். அந்த நேரத்தை நம்பி மத்தியானம் கிளம்பினவங்கதான் இருட்டுல, யானை நடமாடுற நேரத்துல, பாதி வழியில மாட்டிக்கறாங்க.

வரைபடத்துல அளவுகோல் இல்லைன்னா அது வெறும் படம். சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 தாள்ல 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், உயரக் கோடுகளும் இருக்கும். புத்தகத்துல இருக்கற பாதையை அது மேல ஒப்பிட்டுப் பாருங்க.

விலையைப் பார்த்துத் தயங்கினா முதல்ல கன்னிமாரா நூலகத்துல உட்கார்ந்து புரட்டுங்க, பிடிச்சா மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள்ல தேடுங்க. கிளம்பும்போது முழுப் புத்தகமும் சுமக்க வேணாம். பாதை, வரைபடம், விஷமுறிவு ஊசி உள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரி, இந்தப் பக்கங்களை ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுங்க. ஒண்ணு நனையாத கவர்ல உங்ககூட. இன்னொண்ணுல வண்டி நம்பரும் திரும்புற நேரமும் எழுதி வீட்டுல குடுத்துட்டுப் போங்க.