முதலில் பற்களை எண்ணட்டும்

பல் வைத்தியரிடம் போகும் நாளையே பிள்ளைக்கு ஒரு பாடமாக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல யோசனைதான். ஆனால் அதில் சொல்லும் படப் புத்தகமும் விளையாட்டு வைத்தியப் பெட்டியும் எங்கள் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எத்தனை வீட்டில் இருக்கும்? முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். வைத்தியரைப் பார்க்க ஹட்டன் நகருக்கு பஸ் ஏறும் முன்னரே பிள்ளை தன் பற்களை எண்ணிப் பார்க்கட்டும். பால் பற்கள் 20. ஆறு வயதுப் பிள்ளை அதற்கு மேல் எண்ணினால் கணக்குப் பிழை என்று அதட்டாதீர்கள். எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும் வயது அது. இந்தக் கடைவாய்ப் பல்லையும் விழப்போகும் பால் பல்தானே என்று கவனிக்காமல் விடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அது போனால் வேறு பல் முளைக்காது. அதைப் பற்றி வைத்தியரிடம் பிள்ளையே கேட்கட்டும்.

சொத்தைக்குக் காரணம் புழு என்று பாட்டிமார் சொல்வதையும் அங்கேயே கேட்டுவிடலாம். காரணம் புழு அல்ல; வாயிலுள்ள பற்றீரியா சீனியை அமிலமாக்குகிறது, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. ஆகவே எவ்வளவு சீனி என்பதோடு, சீனி போட்ட தேநீரை நாளில் எத்தனை தடவை குடிக்கிறோம் என்பதும் முக்கியம். (இதைப் பெரியவர்களும் கேட்டால் நல்லது.)

இன்னொன்று. "சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டிவிட்டு, அங்கே போய் வாயைத் திற என்றால் எந்தப் பிள்ளை திறக்கும்?