க்யூவில் நிற்கிற பதிவுக்குத் தணிக்கைன்னு பேர் வைக்காதீங்க

ட்விட்டருக்கு மாற்றாக இருக்கிற மாஸ்டடானில், எங்கள் சர்வர் ஒருவருடைய பதிவைத் தணிக்கை செய்துவிட்டது என்று நேற்று மதியத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட் பற்றித்தான். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே மேலே தள்ளிவிட்டுப் போகலாம். பார்த்தவர்களுக்கும், பகிர்ந்தவர்களுக்கும், குறிப்பாக "எதிர்பார்த்ததுதான்" என்று கமெண்ட் போட்டுச் சிரிப்பு பொம்மை வைத்த மகராசன்களுக்கும் இது.

அதைப் போட்ட அண்ணன் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் ஃபேஸ்புக் லிஸ்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் அல்சூர் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போகமாட்டார். அதனால்தான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை இரவு அவர் மாஸ்டடானில் போட்ட தொடர், வேறு சர்வரில் இருக்கும் அவருடைய நண்பர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஞாயிறு காலை, தம்பி ஒருவன் நடத்த நானும் கூடமாட உதவுகிற எங்கள் சர்வரே திறக்கவில்லை. யானை படம் போட்ட பிழைப் பக்கம் மட்டும் வந்தது. உடனே தீர்ப்பு எழுதியாகிவிட்டது: "மாற்று மேடை என்றார்கள், இங்கேயும் தணிக்கை. ஆளைப் பார்த்து அமுக்குகிறார்கள்."

தணிக்கை இல்லை அண்ணே. க்யூ.

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். மாஸ்டடான் ஒரே கம்பெனி, ஒரே கட்டடம் கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றையும் எங்கோ யாரோ நடத்துகிறார்கள். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நீங்கள் பதிவு போட்டால், உங்களைப் பின்தொடர்கிறவர்கள் எத்தனை சர்வரில் இருக்கிறார்களோ அத்தனைக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு விநியோகமும் ஒரு வேலை. அந்த வேலைகள் சைட்கிக் என்ற மென்பொருளில் வரிசை கட்டி நிற்கும். எதிர்ப்பக்க சர்வர் மூச்சுத் திணறிக் கதவைத் திறக்கவில்லையென்றால், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டும். அப்போதும் திறக்காவிட்டால் இன்னும் அதிக நேரம் விட்டுத் தட்டும். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி சாந்திநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பஸ் வரவில்லை என்றால் உங்களை ஊருக்குப் போகவிடாமல் யாரோ சதி செய்கிறார்கள் என்று அர்த்தமா?

அண்ணன் என்ன செய்தார்? 500 எழுத்துதான் ஒரு பதிவுக்கு என்பதால் நீளக் கட்டுரையை நறுக்கித் தொடராகப் போட்டார். ஒவ்வொன்றிலும் படம். அதற்கு முதல் நாள்தான் "எல்லோரும் இங்கே வாருங்கள்" என்று ட்விட்டரில் அழைப்பு வேறு. வந்தார்கள். நன்றாக வந்தார்கள். ஒவ்வொரு துண்டும் நூற்றுக்கணக்கான சர்வர்களுக்குப் போக வேண்டும். அவர் கூட்டிவந்த கூட்டமே அவருக்கு முன்னால் க்யூவில் நிற்கிறது. இதில் தணிக்கை எங்கிருந்து வந்தது?

எங்கள் சர்வருக்கு மட்டும் இந்த கதி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கி முடித்தார். நவம்பர் 4 அன்று ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். நவம்பர் 7 அன்று மாஸ்டடானை உருவாக்கிய யூஜென் ரோச்கோ, மாதம் புழங்குகிறவர்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார். அக்டோபர் 27க்குப் பிறகு மட்டும் 1,124 புது சர்வர்கள், 4,89,003 புது ஆட்கள். போன வியாழன் ராத்திரி ட்விட்டருக்கு எல்லோரும் ஒப்பாரி வைத்தார்களே, அதற்குப் பிறகு வந்த கூட்டம் இந்தக் கணக்கில் சேராது. ரோச்கோ ஜெர்மனியில் இருக்கும் ஒரு ஆள். 2016இல் தனியாக ஆரம்பித்தவர். அவருக்குப் பின்னால் 2022இல் இருந்தது லாப நோக்கில்லாத ஒரு சின்ன நிறுவனம், அவ்வளவுதான். இந்தக் கூட்டம் ஒரே மாதத்தில் வந்து விழுந்தால் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லவேண்டாம் என்று தம்பி சொன்னான். சொல்லத்தான் போகிறேன்.

சர்வரை நடத்துகிற தம்பிக்கு ஞாயிறு காலை சோமேஸ்வரர் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும், மாற்று ஏற்பாடு கிடையாது. மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, குழந்தையை மடியில் வைத்தாயிற்று. ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுத்தார். சட்டைப் பையில் போன் அதிர்கிறது. குழந்தை வீறிடுகிறது. போன் நிற்கவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. நான் அவன் பையிலிருந்து போனை எடுத்து வெளியே வந்து, செருப்பு விடுகிற இடத்துப் பக்கம் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தால், டிஸ்க் நிரம்பி வழிகிறது. மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களை மாஸ்டடான் நம் சர்வரிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஆள் கூடக் கூட, அவர்கள் பின்தொடர்கிற ஆட்களின் படமும் கூடும். இடம் தீர்ந்ததும், பதிவையெல்லாம் சேமித்து வைக்கிற டேட்டாபேஸ் எழுத மறுத்துவிட்டது. டேட்டாபேஸ் படுத்தால் எல்லாம் படுத்தது.

பழைய படங்களைத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே மேளம். யாரோ ஒரு பாட்டி என் மேல் ஏறாத குறையாகச் செருப்பைத் தேடுகிறார். ஒருவழியாக இடம் காலியாகி, டேட்டாபேஸ் எழுந்து, சைட்கிக் பக்கத்தைத் திறந்தால் காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. ஆள் போட்டுக் கூட்டலாம் என்று இணையாக ஓடும் வேலைகளை ஏற்றினால், டேட்டாபேஸ் "எனக்கு இத்தனை இணைப்பு தாங்காது" என்கிறது. ஒன்றை ஏற்றினால் இன்னொன்று கையை விரிக்கும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எண் குறைய ஆரம்பித்தபோது உள்ளே பந்தி முடிந்திருந்தது. தம்பி ஒரு டிஃபன் பாக்ஸில் புளியோதரை கொண்டுவந்து கொடுத்தான். அப்போதுதான் அந்த ஸ்கிரீன்ஷாட் வந்தது. அவனுக்கு நான் காட்டவில்லை. அவன் அண்ணி காட்டிவிட்டார்.

இனி வரப்போகிற கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

"ஃபேஸ்புக்கை விட்டு வா என்று சொல்லிவிட்டு ஃபேஸ்புக்கில்தானே எழுதுகிறாய்?" ஆமாம். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். அங்கே க்யூ.

"பெரிய கம்பெனி என்றால் இப்படி நடக்குமா?" நடக்கும் ராசா. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே காணாமல் போனது மறந்துவிட்டதா? அவர்களே செய்த ஒரு மாற்றம்தான் காரணம். இவ்வளவு ஏன், போன மாதம், 2022 தீபாவளிக்கு மறுநாள் மதியம் வாட்ஸப் இரண்டு மணி நேரம் படுத்தது. அன்று சூரிய கிரகணம். வாட்ஸப்புக்கும் கிரகணம் பிடித்துவிட்டது என்று நாமெல்லாம் ஜோக் அடித்தோம். ஜோக்! ஆயிரக்கணக்கில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறவன் படுத்தால் ஜோக். வேலை முடிந்து வந்து ராத்திரி கண்விழிக்கிற பையன் படுத்தால் தணிக்கையா?

"தாங்கமுடியாது என்றால் எதற்குக் கதவைத் திறந்தீர்கள்?" இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர், மூன்று வாரத்துக்கு முன்னால் நாங்கள் புதுக் கணக்குகளை நிறுத்தி வைத்தபோது "இது என்ன மேட்டுக்குடி கிளப்பா?" என்று கேட்டவர்கள். திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். கணக்கு உறுதி செய்யும் மெயில் தாமதமாக வந்ததற்கே "என்னைச் சேர்க்க மனசில்லை" என்று ஒருவர் இன்பாக்ஸில் சண்டைக்கு வந்தார். மெயிலும் க்யூவில்தான் சார் நிற்கிறது.

"சாதாரண ஆளுக்கு சைட்கிக்கும் டேட்டாபேஸும் தெரிய வேண்டுமா?" வேண்டாம். நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே பதிவுக்கு ஒரு சர்வரில் நாற்பது விருப்பமும் இன்னொன்றில் நான்கும் காட்டினால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும். நம் சர்வருக்கு வந்து சேர்ந்த பதில்கள் மட்டுமே 2022 பதிப்பில் நமக்குத் தெரியும் என்பதும் எரிச்சல்தான். ஆனால் தெரியாவிட்டால் கேட்கலாம் இல்லையா? தம்பி நம்பர் அண்ணனிடம் இருக்கிறது. என் நம்பர் இருக்கிறது. என் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"அட்மின் நினைத்தால் எதையும் மறைக்கலாமே, தனிச்செய்தியைக்கூடப் படிக்கலாமே?" முடியும். சேரும்போதே அதைச் சொல்லித்தான் சேர்க்கிறோம். அது வேறு பேச்சு. நாங்கள் ஒரு பதிவை நீக்கினால் எழுதியவருக்குத் தகவல் போகும். மேல்முறையீடு செய்ய வழியும் இருக்கிறது, 2022இல் வந்த பதிப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். அண்ணனுக்கு அப்படி ஏதாவது வந்ததா? வரவில்லை. அவர் சொந்தப் பக்கத்தைத் திறந்தால் தொடர் முழுக்க, படங்களோடு, வரி குறையாமல் இருந்தது. எந்த ஊர்த் தணிக்கை அதிகாரி பதிவை அப்படியே வாசலில் தொங்கவிட்டு மறைப்பான்?

எனக்கு மறைப்பது என்றால் என்னவென்று தெரியும். நான் அல்சூரில் வளர்ந்தவள். ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991லேயே வந்துவிட்டது. கன்னட அமைப்புகள் எதிர்த்துத் திறக்கவிடவில்லை. பதினெட்டு வருஷம் சுற்றி மூடி வைத்திருந்தார்கள். ஸ்கூலுக்குப் போகும்போது உள்ளே யார் நிற்கிறார் என்று கேட்டால் அப்பா குரலைத் தாழ்த்திச் சொல்வார். நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகுதான், 2009 ஆகஸ்ட் 9 அன்று, அன்றைய இரு மாநில முதல்வர்கள் கலைஞரும் எடியூரப்பாவும் வந்து திறந்தார்கள். பதிலுக்கு நான்கு நாள் கழித்து சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. அன்று அப்பா வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்து ஒன்றுமே பேசவில்லை, தண்ணீர் கேட்டார். அதற்குப் பெயர் மறைப்பது. ஒரு ராத்திரி தாமதமான தொடருக்கு அதே பெயரை எடுத்து ஒட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. அண்ணனுக்கு அந்தச் சிலை தெரியும். அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்தவள் நான்.

சரி, காசு விஷயத்துக்கும் வந்துவிடுகிறேன், ஏனென்றால் கமெண்டில் அதையும் இழுத்துவிட்டார்கள். "நன்கொடை வாங்குகிறார்களே, கணக்கு காட்டட்டும்." காட்டியிருக்கிறோம், முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. வாடகையில் பாதிகூட வருவதில்லை. மிச்சம் தம்பி சம்பளத்திலிருந்து. இந்த மாதம் பெரிய மெஷினுக்கு மாற வேண்டும் என்பதால் அதுவும் ஏறும். கணக்கு கேட்டவர் இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை என்பதைச் சொன்னால் சின்னத்தனம் என்பீர்கள். சொல்லிவிட்டேன்.

2019லும் இதே நவம்பரில் ஒரு கூட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது என்று கோபித்துக்கொண்டு நம் ஆட்கள் கூட்டமாக மாஸ்டடானுக்கு வந்தார்கள். என் வட்டத்தில் வந்தவர்கள் பொங்கலுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார்கள். அப்போதும் "ஸ்லோவா இருக்கு". நமக்குக் கோபம் வந்தால் வீடு மாற வேண்டும், ஆனால் புது வீட்டில் பெயின்ட் வாசனை வரக்கூடாது, பால் காய்ச்சிய அன்றைக்கே லிஃப்ட் ஓட வேண்டும். எவனோ ஒரு பணக்காரன் அடித்து விரட்டினால் வாயை மூடிக்கொண்டு பத்து வருஷம் இருப்போம். நம்ம பையன் ஒரு ராத்திரி தடுக்கி விழுந்தால் மட்டும் அவன் நோக்கத்தைச் சந்தேகிப்போம். தமிழில் ஏன் சொந்தமாக ஒன்று நிலைப்பதில்லை என்று கருத்தரங்கம் வைப்பதும் இதே ஆட்கள்தான். தமிழ்ச் சங்கத்தில் போன தடவை அந்தத் தலைப்பில் அண்ணன் பேசினார். அருமையாகப் பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

தம்பி இன்று காலை போன் செய்து, "அக்கா, டிசம்பரோட மூடிடலாமா?" என்று கேட்டான். மூடமாட்டோம். ஆனால் அவனை அப்படிக் கேட்க வைத்துவிட்டீர்கள்.

கடைசியாக நடைமுறை விஷயம். அண்ணனின் தொடர் நேற்று சாயங்காலமே எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட் பதிவு மட்டும் இதை எழுதும்வரை அப்படியே இருக்கிறது. புதுக் கணக்குகளை நிறுத்தியிருக்கிறோம். வரும் ஞாயிறு காலை பெரிய மெஷினுக்கு மாறுகிறோம், மதியம் வரை திறக்காது. வீடியோவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் புண்ணியம். போக வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். செட்டிங்ஸிலேயே கணக்கை வேறு சர்வருக்கு மாற்றும் வழி இருக்கிறது. பின்தொடர்கிறவர்கள் உங்களோடு வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் வராது, மாஸ்டடானில் அதற்கு வழி கிடையாது. அதையும் நாங்கள்தான் பிடித்து வைத்துக்கொண்டோம் என்று எழுதிவிடாதீர்கள்.