எலக்ட்ரோடு என்ன வெறும் ஒயரா?

நேற்றிலிருந்து சுற்றும் அந்த ஸ்லைடைப் பார்த்திருப்பீர்கள். "சரியான சப்ஸ்ட்ரேட்டைப் பிடித்துவிட்டால் பெர்ரோஎலக்ட்ரிக் படலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மெலிசாக்கலாம்." பெர்ரோஎலக்ட்ரிக் என்றால் தானாகவே மின்முனைப்பு (போலரைசேஷன்) வைத்திருக்கும், வெளி மின்புலத்தால் அதைத் திருப்பிவிடக்கூடிய பொருள்; சப்ஸ்ட்ரேட் என்பது படலம் வளரும் அடிப்படிகம். படலத்தின் மேலும் கீழும் ஒட்டும் மின்கடத்தி அடுக்கான எலக்ட்ரோடு என்ன என்று நான் கேட்டதற்கு "அதெல்லாம் அப்புறம்" என்று பதில். கூடவே நாலு சிரிப்பு எமோஜி.

சப்ஸ்ட்ரேட் படலத்தை இழுத்தோ அமுக்கியோ உண்டாக்கும் ஸ்ட்ரெயினை நான் குறை சொல்லவில்லை. பேரியம் டைட்டனேட் என்ற பெர்ரோஎலக்ட்ரிக் 120 டிகிரி செல்சியஸில் பெர்ரோஎலக்ட்ரிக் குணத்தை இழக்கும். ஸ்காண்டேட் (ஸ்காண்டியம் கலந்த ஆக்சைடு) படிகத்தின் மேல் அதன் படலத்தை வளர்த்து, அந்த வெப்பநிலையை ஏறக்குறைய 500 டிகிரி உயர்த்தியதை 2004-லேயே பார்த்துவிட்டோம். கைதட்டியும் ஆயிற்று.

ஆனால் மின்சுமைக்கு யார் பதில் சொல்வது? போலரைசேஷன் படலத்தின் மேலும் கீழும் சுமையாகத்தான் வந்து நிற்கும், பேரியம் டைட்டனேட்டில் சதுர மீட்டருக்கு 0.26 கூலும். அதை ஈடுகட்ட ஆளில்லை என்றால் உள்ளே எழும் எதிர்ப்புலம் மீட்டருக்குச் சுமார் 3000 கோடி வோல்ட். எலக்ட்ரோடு ஈடுகட்டுமே என்பீர்கள். முழுசாகக் கட்டாது ஐயா. உலோகத்துச் சுமை இடைமுகத்திலிருந்து துளி தள்ளித்தான் உட்காரும். படலம் மெலிய மெலிய அந்தத் துளி இடைவெளிதான் பெரிய ஆளாகிவிடும். ஸ்ட்ரோன்ஷியம் ருதனேட் எலக்ட்ரோடுகளுக்கு நடுவே பேரியம் டைட்டனேட் தாங்கும் குறைந்தபட்சத் தடிமன் சுமார் 6 யூனிட் செல் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டம்) என்று 2003-இல் கணக்கிட்டார்கள். சப்ஸ்ட்ரேட்டான ஸ்ட்ரோன்ஷியம் டைட்டனேட் தரும் அமுக்கத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது! ஸ்ட்ரெயின் இருந்தும் காப்பாற்றவில்லை.

"இன்னொரு பெர்ரோஎலக்ட்ரிக்கான லெட் டைட்டனேட் 3 யூனிட் செல்லிலும் தாங்கியதே?" தாங்கியது. எப்படி? எலக்ட்ரோடே இல்லாமல், போலரைசேஷன் மேல்நோக்கி ஒரு பட்டை, கீழ்நோக்கி ஒரு பட்டை என்று டொமைன்களாகப் பிரிந்து சுமையைத் தானே அடித்துக்கொண்டது. கூட்டினால் பூஜ்யம். அதில் போலரைசேஷன் திசையை 0, 1 என்று படிக்கும் மெமரி செய்யப் போகிறீர்களா?

ஸ்லைடில் போட்டிருக்கும் அந்த 2.2 சதவீத அமுக்கமும் பேரியம் டைட்டனேட் யூனிட் செல்லின் அகலம் 3.992 ஆங்ஸ்ட்ராமையும் ஸ்ட்ரோன்ஷியம் டைட்டனேட்டின் 3.905-ஐயும் வைத்துப் போட்ட காகிதக் கணக்கு. ஸ்லைடில் உள்ள படலமோ 100 நானோமீட்டர். சில நானோமீட்டர் தாண்டியதுமே டிஸ்லொகேஷன் (படிக வரிசையில் விழும் முறிவு) புகுந்து அமுக்கத்தைத் தளர்த்திவிடுமே, அமுக்கம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்ரே ரெசிப்ரோகல் ஸ்பேஸ் மேப் எங்கே? கேட்டால் வோல்டேஜுக்கு எதிராகப் போலரைசேஷனை வரைந்த லூப்பைக் காட்டுகிறார்கள். கசிவு மின்னோட்டம் இருந்தால் வாழைப்பழத் தோலுக்கும் லூப் வரும், 2008-லேயே காட்டியாகிவிட்டது.

"தியரி ஆட்களுக்கு நொட்டை சொல்வதே வேலை" என்று ஒருவர். இருக்கட்டும். தடிமனுக்குப் பக்கத்தில் மேல் எலக்ட்ரோடு எது, கீழ் எலக்ட்ரோடு எது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். அதற்கா இத்தனை சிரிப்பு?