எத்தனை முகமைகள், எந்த வேலைக்கு?

ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்குப் பிறகும் டெல்லியில் ஒரு புதிய அமைப்பு உருவாகிறது. பழைய அமைப்புகளில் எது இனித் தேவையில்லை, எதை எதனோடு சேர்க்கலாம் என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. 1887-இல் ஆங்கிலேயர் தொடங்கிய உளவுத்துறை (ஐ.பி.) இன்றும் இருக்கிறது. அமலாக்கத்துறை 1956-இலும், வருவாய் புலனாய்வு இயக்குநரகம் 1957-இலும், சி.பி.ஐ. 1963-இலும், போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு 1986-இலும் வந்தன. கார்கில் போருக்குப் பின், உளவுத் தகவல்களை ஓரிடத்தில் சேர்த்துப் பகிர்ந்துகொள்வதற்காக 2001-இல் பன்முகமை மையம் வந்தது. மும்பைத் தாக்குதல் நடந்த சில வாரங்களிலேயே, 2008 டிசம்பர் 31 அன்று, தேசியப் புலனாய்வு முகமைச் (என்.ஐ.ஏ.) சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை ஒவ்வொன்றும் தேவை கருதியே வந்தன என்பதை நான் மறுக்கவில்லை. இத்தனையும் சேர்ந்து நம்மைப் போன்ற எல்லையோர மக்களை எந்த அளவுக்குக் காக்கின்றன என்பதே என் கேள்வி.

நான் குழித்துறை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞன்; தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை எனக்குப் பக்கத்து ஊர். 2020 ஜனவரி 8 இரவு, அந்த ஊர்ச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. தேடப்பட்ட இருவரும் ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். அடுத்த மாதமே வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போயிற்று. சதியின் வேர்கள் பல மாநிலங்களில் இருக்கும்போது அப்படி ஒப்படைப்பது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் துப்பாக்கியோடு வந்தவர்களை முதலில் எதிர்கொண்டவர் எந்த மத்திய முகமையின் அதிகாரியும் அல்லர். நெடுஞ்சாலையோரம் வண்டி எண்களைக் குறித்துக்கொண்டு நின்ற, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு காவலர் அவர். நாட்டுப் பாதுகாப்பின் முதல் வரிசை அங்கேதான் இருக்கிறது. செலவிலும் கவனத்திலும் அந்த வரிசைக்கு என்ன இடம் என்று பார்த்தால் மனம் வலிக்கிறது.

கோவையில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியற்காலையில், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவிலருகே கார் வெடித்தது. அதில் இறந்தவர் 2019-இலேயே தேசியப் புலனாய்வு முகமையால் விசாரிக்கப்பட்டவர். அப்படியானால் அவரைப் பற்றிய தகவல் அரசிடம் இல்லாமல் இல்லை. விசாரித்து அனுப்பிய பிறகு அவரைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியது: விசாரித்த முகமையுடையதா, மாநில உளவுப் பிரிவுடையதா, மாநிலக் காவல்துறையின் கியூ பிரிவுடையதா, அல்லது அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் தனிப்பிரிவு ஏட்டுடையதா? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசும் பயங்கரவாதத் தடுப்புக்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. பட்டியல் நீண்டது, ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது.

போதைப்பொருள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 2021 மார்ச்சில் லட்சத்தீவின் மினிக்காய் அருகே கடலோரக் காவல்படை மடக்கிய இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏ.கே.-47 துப்பாக்கிகளும் ஆயிரம் தோட்டாக்களும் இருந்தன. படகு கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. முதலில் வழக்குப் பதிந்தது போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு. சில வாரங்களில் அதை ஏற்றுக்கொண்டது தேசியப் புலனாய்வு முகமை. அடுத்த ஆண்டு மே மாதம் லட்சத்தீவுக் கடலில், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போன இரண்டு படகுகளில் 218 கிலோ ஹெராயின் பிடிபட்டபோது, கடலோரக் காவல்படையோடு நின்றது வருவாய் புலனாய்வு இயக்குநரகம். ஏறக்குறைய ஒரே கடல்வழி, ஒரே சரக்கு; வழக்கை நடத்தும் கைகள் மட்டும் வேறு வேறு. கரைக்கு வந்தால் தமிழ்நாட்டுக் காவல்துறை, கேரளத்தின் எக்சைஸ் துறை, சுங்கத்துறை, ரயில்வே போலீஸ் என்று வரிசை இன்னும் நீள்கிறது.

ஒன்றின் கண்ணுக்குத் தப்பியது இன்னொன்றின் கண்ணில் படும், ஆகவே பல அமைப்புகள் இருப்பது நல்லதுதான் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். தகவல் சேகரிப்பைப் பொறுத்தவரை அது ஏற்கத்தக்க வாதம். ஒரே செய்தி இரண்டு வழியில் வந்தால் அதன் நம்பகத்தன்மை கூடும். ஆனால் வழக்கை நடத்தும் பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடந்தால், வழக்கு தோற்கும்போது பதில் சொல்ல யாரும் இருப்பதில்லை.

நான் அன்றாடம் பார்க்கும் கஞ்சா வழக்குகளைச் சொல்கிறேன். ஆந்திர-ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் வரும் சரக்கு எங்கள் வழியாகத்தான் கேரளத்துக்குள் போகிறது. பையோடு ஆளையும் பிடிக்கிறார்கள். ஆனால் போதைப்பொருள் சட்டம் நடைமுறையில் மிகக் கண்டிப்பானது: 42-ஆம் பிரிவின்படி கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும், 50-ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு வழக்கில் மகஜரில் (பறிமுதல் குறிப்பில்) ஒரு நேரமும் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் வேறொரு நேரமும் இருந்தன. குறுக்கு விசாரணையில் அதைக் கேட்டபோது உதவி ஆய்வாளரால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று காலை கோவில் திருவிழாப் பந்தோபஸ்து, மதியம் அமைச்சர் வருகை, இரவு இந்தப் பறிமுதல். எதிர்த்தரப்பில் நின்று வாதாடியவன் என்ற முறையில் அந்த வழக்கு எனக்குச் சாதகமாகவே முடிந்தது. இந்த மண்ணில் பிள்ளைகளை வளர்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று, காவல்துறைச் சீர்திருத்தம் கேட்டுத் தொடுக்கப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இலேயே உத்தரவிட்டது. அந்த ஒரே உத்தரவை நிலைய அளவில் முழுமையாக நிறைவேற்றினால், இன்னொரு புதிய முகமையால் கிடைப்பதைவிடப் பெரிய பலன் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முன்னுரிமை என்று வரும்போது கடற்கரையை விட்டுவிட முடியாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் எங்கள் மீனவர்களுக்கு அடையாள அட்டையும் சோதனையும் கூடின. கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை என எல்லோரும் ஒரே காகிதங்களைத்தான் பார்க்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, எங்கள் மாவட்டக் கடலோர ஊர்களான தூத்தூரிலிருந்தும் சின்னத்துறையிலிருந்தும் மீன்பிடிக்கப் போனவர்களைத் தேடச் சொல்லி யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் குடும்பங்கள் அலைந்தன. கடைசியில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கண்காணிக்கும்போது இருந்த வேகம் காப்பாற்றும்போது இல்லாமல் போனதை நாங்கள் நேரில் கண்டோம்.

அமைப்புகளைக் குறைக்க வேண்டும் என்று சொல்வதால், எல்லாவற்றையும் டெல்லியில் ஒரே மேசைக்குக் கொண்டுபோங்கள் என்று நான் கேட்பதாக யாரும் கொள்ள வேண்டாம். 2012-இல் மத்திய அரசு தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் என்ற புதிய அமைப்பை ஐ.பி.க்குள் வைத்து, அதற்குக் கைது செய்யும் அதிகாரமும் தர முயன்றபோது, ஜெயலலிதா, மம்தா பானர்ஜி, நவீன் பட்நாயக், அன்று குஜராத் முதல்வராக இருந்த மோடி ஆகியோர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. காவல்துறை அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மேலும் ஐ.பி.க்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமே இன்றுவரை இல்லை. அப்படிப்பட்ட ஓர் அமைப்பிடம் கைவிலங்கையும் கொடுப்பது ஆபத்து. உளவு பார்க்கும் அமைப்புக்கு முதலில் ஒரு சட்டமும், அதை மேற்பார்வையிட நாடாளுமன்றக் குழுவும் வேண்டும்.

இணைக்கத் தொடங்குவதென்றால் போதைப்பொருள் தடுப்பிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாடு தன் மதுவிலக்கு அமலாக்கத்தையும் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவையும் ஒரே அமைப்பாக்கியிருக்கிறது. மத்திய அரசும் பெரிய கடத்தல் வழக்குகளுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்றே ஒன்று என்று எழுத்தில் அறிவிக்கலாம். மிச்சமாகும் ஆட்களையும் பணத்தையும் களியக்காவிளை, பளுகல், கொல்லங்கோடு போன்ற எல்லை நிலையங்களின் புலனாய்வுக்குத் தர வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலை நிலையத்தில் பதிவாகும் குற்றவாளியின் விவரம் இந்தப் பக்கத்து ஏட்டின் கைக்கு அன்றைக்கே வந்து சேர வேண்டும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய இரண்டு தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து, எந்த முகமை எந்த வேலைக்குப் பொறுப்பு என்ற பட்டியலை உள்துறை அமைச்சகத்திடம் கேட்டு வாங்கி, அதை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.