பரணில் ஏறினாலே பஞ்சாயத்து

எங்கள் செங்கோட்டையில் ஆனி, ஆடி வந்தால் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் சாரலும் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். சுவரெல்லாம் ஓதம், பீரோவுக்குள் பூஞ்சை. அடைத்து வைத்த எதுவும் தப்பாது. இது தெரிந்தும் ஏன் ஒரு சாமானைக்கூட வெளியே விடமாட்டேன் என்கிறார்கள்?

பரணைக் காலி செய்ய ஏறினால் போதும், அம்மா, அத்தை, சித்தப்பா மூவரும் கீழே காவலுக்கு வந்துவிடுகிறார்கள். கைப்பிடி போன குக்கரா? மாட்டிக்கலாம், வை. டிவியே போய்விட்டது, அதன் அட்டைப்பெட்டி எதற்கு? கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள், தாம்பூலப் பைகள், மூடி இல்லாத பாட்டில்கள். ஒரு ஜமுக்காளத்தை விரித்தேன். மடிப்பு முழுக்கப் பச்சைப் பூசணம், நடுவே கரைந்து பாதியான பாச்சை உருண்டை, அதன் பக்கத்திலேயே ராமபாணப் பூச்சி ஓடுகிறது. "அலசிப் போட்டா ஆச்சு" என்கிறார் அத்தை. யார் அலசுவது? வெயில் எங்கே இருக்கிறது காய வைக்க?

அப்புறம், பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றியதைச் சித்தப்பா ஓடிப்போய் இறக்கி வருகிறார்! பாட்டிக்கு ஏற்கெனவே இளைப்பு. பூஞ்சை பட்டால் கூடும் என்று டாக்டரே சொல்லியாயிற்று. அந்த ஜமுக்காளத்தை மடித்து அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள்!